"நன்று" என்று எழுதியவர் பெயரை எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு என் கைத்தொலைபேசிக்கு ஒரே பாட்டு ஐந்து பேரிடமிருந்து வந்தது. அடியில், "எம்.டி. ராமநாதன். அபூர்வப் பதிவு. கடைசிவரை கேளுங்கள், மெய்சிலிர்த்துப் போவீர்கள்" என்று ஒரு வரி. ஐந்து பேரும் அதே வரியை அதே எழுத்துப்பிழையோடு அனுப்பியிருந்தார்கள்.

நிதானமாக, கனத்த குரலில் பாடும் கர்நாடக சங்கீத வித்வான் அவர். நான் எம்.டி.ஆர். பைத்தியம். விடிந்தால் வேலைக்கு ஓட வேண்டிய காலமும் முடிந்துவிட்டது. நள்ளிரவென்று பாராமல் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை நிமிடத்திலேயே சந்தேகம் தட்டியது. குரல் கனம்தான், நிதானம்தான். ஆனால் மிருதங்கம் ஈரச்சாக்கைத் தட்டுவதுபோல் தொம்மென்று விழுந்தது. பாட்டு முடிந்ததும் வந்த கைதட்டல்தான் காட்டிக்கொடுத்தது. நனைந்த கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதுபோல் இருந்தது. மனிதர்கள் அவ்வளவு சாவகாசமாகக் கைதட்ட மாட்டார்கள். யாரோ பழைய ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றும்போது வேகத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். காலையில் மகனை உட்கார வைத்து வேகத்தைச் சரிசெய்தேன். சுருதி ஒன்றரைக் கட்டை ஏறியது, எம்.டி.ஆர். மறைந்து வேறொரு வித்வான் எழுந்து வந்தார். அவர் யார் என்பதில் எங்கள் கூட்டத்துக்குள் இன்றுவரை தகராறு தீரவில்லை.

நடந்ததை அனுப்பியவர்களுக்கு எழுதினேன். ஒரு தம்பி பதில் போட்டார்: "யார் பாடினா என்ன அண்ணே, பாட்டு நல்லாதானே இருக்கு?"

அந்தத் தம்பிக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் தங்களுக்கு இந்த நீண்ட கடிதம்.

என்னைப்பற்றிக் கொஞ்சம். வயது 66. சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. தாளம் போடுவதுகூட மனைவி பார்க்காத நேரத்தில்தான். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை என் ஈசூன் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய பதிவுகளைக் கேட்கிறோம். இது ஒன்பதாவது வருடம். ஒரு மாலைக்கு மூன்று பதிவுதான். ஆலாபனை நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பதிவைக் கொண்டுவருகிறவர், பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் குற்றமில்லை. தப்பாகச் சொன்னால் அடுத்த மாதத்து மசால் வடை அவர் செலவு, அதுவும் லிட்டில் இந்தியாவில் தேக்காவில் வாங்கி வர வேண்டும்.

சில நாள் வேண்டுமென்றே பெயரை மறைத்தும் வைப்போம். அப்படி ஒருநாள் ஒரு பழைய கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் யார் என்று நாங்கள் கண்ணால் பேசிக்கொண்டிருக்க, ஒரு காலத்தில் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்ட ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "பாட்டை விடுங்க, தொப்பியைக் கேளுங்க. இது பழனி" என்றார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். தொப்பி என்பது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கம். மற்றவர்கள் இடக்கையால் வாசிக்கும் அதை அவர் வலக்கையால் வாசித்தார். கும்கி என்று சொல்லும் அந்த வளைவொலி, குளத்துக்குள் கல் இறங்குவதுபோல் வளைந்து உள்ளே போகும். ஒலிநாடாவில் கை தெரியாது, நாதம் தெரியும். அவர் 1962இல் காலமானவர். நண்பரோ அதற்குப் பிறகு பிறந்தவர். அட்டையை எடுத்துப் பார்த்தோம், பழனியேதான். பாட்டுக்காரர் யார் என்பதை அன்று எல்லோருமே தப்பாகச் சொன்னோம். வடைச் செலவு பொதுக் கணக்கில் போனது.

சண்டையும் உண்டு. நான் எம்.டி.ஆரின் சஹானா ராகப் பாட்டு "கிரிபை"யைப் போட்டால், பேருந்து ஓட்டுநராக இருந்த நண்பர் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். "இவரு பல்லவி எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஈசூன்லேருந்து தேக்காவுக்கு ஒரு நடை ஓட்டிட்டு வந்துடுவேன் அண்ணே." அவருக்கு மதுரை மணி ஐயர்தான் எல்லாம். சரம் சரமாக ஸ்வரம், துள்ளல், சிரித்த முகத்தோடு பாடுவதுபோல் ஒரு குரல். எனக்கும் பிடிக்கும், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எம்.டி.ஆர். ஒரு ஸ்வரத்தில் நின்றுகொண்டு அடுத்ததற்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பார் பாருங்கள், அந்த யோசனை வேறு யாரிடமும் கிடையாது. தாமே கட்டிய பாட்டுகளில்கூடத் தம் பெயரை முத்திரையாக வைக்கவில்லை. குரு டைகர் வரதாச்சாரியாரை நினைத்து "வரததாச" என்று வைத்தார். பாகேஸ்ரீயில் "சாகர சயன விபோ" கேட்டவர்களுக்குத் தெரியும். இவ்வளவு சொல்லியும் பேருந்து நண்பர் மசியவில்லை. அவர் கொண்டுவருவது எப்போதும் காம்போஜி "காணக் கண் கோடி வேண்டும்"தான்.

அந்தப் பாட்டில் எனக்கு ஒரு வியாதி உண்டு. என்னிடம் முதலில் இருந்தது ஒருவர் பதிந்து கொடுத்த சி-90 கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். ஸ்வரம் சூடு பிடித்து மேலே போகும் இடத்தில் பக்கம் முடிந்து டக்கென்று பொத்தான் எழும்பும். திருப்பிப் போட்டால் மறுபக்கம் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் தொடங்கும். பத்து வருடம் அப்படியே கேட்டேன். பிறகு 2002இல் எஸ்பிளனேட் திறந்த புதிதில் அங்குள்ள கலை நூலகத்தில் குறுவட்டுகளைக் கை வலிக்க இரவல் வாங்கினேன். முழுப் பாட்டும் கிடைத்தது. ஆனாலும் இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் காதில் டக் என்று கேட்கிறது, கை தானாகப் பெட்டியை நோக்கிப் போகிறது.

வீணை சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா தோ பாயோவிலிருந்து வருவார். அவர் கொண்டுவருவது பாடகி என்.சி. வசந்தகோகிலம். 1951இல் 32 வயதில் காசநோயில் போய்விட்டவர். அருணாசலக் கவிராயரின் "ஏன் பள்ளி கொண்டீர் ஐயா"வை அவர் மோகனத்தில் கேட்கும்போது, ரங்கநாதரே எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிட மாட்டாரா என்று இருக்கும். பாட்டு முடிந்ததும் அக்கா எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பின்னாடி வயலின் வாசிச்ச புண்ணியவான் யாரு?" யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் கிராமபோன் தட்டுகள் பலவற்றில் பாடியவர் பெயர் மட்டும்தான் அச்சாகும். பக்கவாத்தியக்காரர் பெயருக்கு இடமிருக்காது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1902இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து முதன்முதலாகப் பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று கணீரென்று சொல்வார். இன்று கேட்டால் ஏதோ பகட்டுபோல் தெரியும். காரணம் வேறு. பதிவு செய்ததை ஜெர்மனியில் ஹனோவருக்குக் கப்பலில் அனுப்பித்தான் தட்டு அழுத்த வேண்டும். அங்கே இருக்கும் தொழிலாளிக்கு இது யார் குரல் என்று எப்படித் தெரியும்? அதனால் பாடியவரே கடைசியில் பெயரைச் சொல்லிவிடுவார். நூற்றிருபது வருடம் கழித்து, கட்டைவிரலால் தட்டிய நொடியில் உலகம் சுற்றும் பாட்டுக்கு நம்மால் பெயரைச் சேர்த்து அனுப்ப முடியவில்லை.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது நினைவிருக்கும். மூடுவதற்குச் சில மாதம் முன்பு அங்கே 5 வெள்ளிக்கு ஒரு 78 தட்டு வாங்கினேன். டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நாகஸ்வரம், தோடி. மணிக்கணக்கில் தோடி வாசித்த மனிதர். தட்டில் பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்கூடத் தேறாது. அதற்குள் ஆற்றையே சொம்பில் பிடித்துக் கொடுத்ததுபோல் கொடுத்திருக்கிறார். தட்டின் ஓரத்தில் நகம் போகும் அளவுக்கு ஒரு விரிசல். நான் பெரிதாக நினைப்பது தட்டின் காகித உறையைத்தான். அதன்மேல் பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில் யாரோ எழுதியிருக்கிறார்: "தோடி. திருவாவடுதுறை ராஜரத்தினம். தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது. 2ஆம் பக்கம் ஆரம்பத்தில் கீறல், ஊசியை மெதுவாக வைக்கவும்." எழுதியவர் யாரோ, தம்பி யாரோ. இரவல் வாங்குகிறவனுக்காக எழுதியிருக்கிறார். கடைசியில் எனக்கு உதவியது. நானும் ஊசியை மெதுவாகத்தான் வைக்கிறேன்.

என் அப்பா அப்படி எழுதவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

அப்பா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ்காரர்கள் போனபிறகு கப்பல் பட்டறையிலேயே தொடர்ந்தார். 1972இல் முதல் போனஸில் ஒரு பிலிப்ஸ் கேசட் பெட்டி வாங்கினார். சி-120 மட்டும் வாங்காதே, நாடா மெல்லிசு, உருளையில் சுற்றிக்கொள்ளும் என்பது அவர் எங்களுக்குச் சொன்ன முதல் தொழில்நுட்ப அறிவுரை. 1974 பங்குனி உத்திரத்தன்று, அப்போது செம்பவாங் பக்கம் இருந்த புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். எனக்கு 15 வயது, தங்கைக்கு ஏழு. நாயனத்துக்கு, அதாவது நாகஸ்வரத்துக்கு, நேர் எதிரே, தவிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மண் தரையில் உட்கார்ந்தார். தவிலுக்குப் பக்கத்தில் வைத்தால் மைக் திணறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. பிறகு சண்முகப்பிரியா ராகம், நீண்ட ஆலாபனை. பத்தாவது நிமிடத்தில் அப்பா இருமுவார். அடுத்த நிமிடம் ரோட்டில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நாயனக்காரர் அந்த ஹாரன் ஓயும்வரை மேல் ஸ்வரத்திலேயே நின்று காத்திருந்துவிட்டு, சிரித்தாரோ என்னவோ, ஒரு சின்னப் பிருகாவோடு, வேகமான சுழிப்போடு, இறங்குவார். அந்தப் பிருகாவுக்காக நான் இந்தக் கேசட்டை எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. 30ஆவது நிமிடத்தில் தங்கை குரல்: "அப்பா, முடிஞ்சிருச்சா?" அப்பா பதில் சொல்லவில்லை. பதிவு கெட்டுவிடும் என்று அவள் வாயைப் பொத்தியிருப்பார்.

மறுபக்கத்தைக் கெடுத்தது நான்தான். அடுத்த வருடம், கையில் வேறு கேசட் இல்லாமல், வானொலியில் வந்த சினிமாப் பாட்டுகளை அதன்மேல் பதிந்துவிட்டேன். அன்று மாலை அப்பா பெட்டியில் போட்டுக் கேட்டார். இரண்டு பாட்டு ஓடும்வரை அசையாமல் இருந்தார். அப்புறம் எழுந்து, நிறுத்தி, சட்டையை மாட்டிக்கொண்டு காப்பிக் கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு நாள் நினைவிருக்காது.

1991இல் அப்பா காலமானார். பல வருடம் கழித்து ஒரு பெரிய காலணிப் பெட்டிக்குள்ளிருந்து கேசட்டை எடுத்தபோது நாடா ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது தப்பாது. அப்படியே போட்டு ஓட்டினால் பூஞ்சை பெட்டியில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். கேசட் ஓட்டிற்குள், நாடாவைத் தலையோடு அழுத்தும் பட்டையும் பிய்ந்து கிடந்தது. ஐந்து திருகாணியையும் கழற்றி, நாடா உருளை இரண்டையும் அலுங்காமல் எடுத்து, பஞ்சால் துடைத்து, வேறொரு நல்ல கேசட் ஓட்டுக்குள் இறக்கினேன். பெட்டியின் ரப்பர் பெல்ட் இழுத்துப்போயிருந்தது. சிம் லிம் டவரில் அளவு பார்த்துப் புதிது வாங்கி மாட்டினேன். வேகம் சரிதானா என்று எப்படித் தெரியும்? தங்கையை வைத்துத்தான். அவள் இப்போது பாட்டி. "அது என் குரல்தான், இன்னும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும்" என்றாள். ஒரு மயிரிழை கூட்டினேன். கணினியில் ஏற்றி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். கேசட் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் இருக்கிறது.

எல்லாம் செய்தேன். ஆனால் நாயனம் வாசித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. கேசட் அட்டையில் அப்பா கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "ப.உ. 74. நாயனம். நன்று."

நன்று என்று எழுதியவருக்குப் பெயர் எழுதத் தோன்றவில்லை. அவருக்குத்தான் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும்? நானும் 17 வருடம் அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கேட்காமல் இருந்தேன். அவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

"யார் பாடினா என்ன" என்ற தம்பிக்கு என் பதில் இந்தக் கேசட்தான். ராஜரத்தினத்தின் தோடி எங்கேயும் போகாது, அதைக் காப்பாற்ற நூறு பேர் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1963இல் பதிவு செய்த சுப்ரபாதம், சங்கீதமே தெரியாத வீட்டிலும் விடியற்காலையில் ஒலிக்கிறது, பெயரும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே நம் கோயில்களில் வாசித்தவர்கள், 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் சொல்லிக்கொடுத்தவர்கள், சமூக மன்ற மேடையில் ஒரே ஒரு முறை பாடிவிட்டு ஊர் திரும்பியவர்கள், இவர்களுடைய பதிவு கடையில் கிடைக்காது. இருந்தால் நம் வீட்டு அலமாரிக்கு மேல்தான் இருக்கும். தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் 2015இல் நம் எழுத்தாளர்களின் நூல்கள் மின்னிலக்கமாயின. நூலுக்கு அட்டையில் பெயர் இருக்கும். கேசட்டுக்கு நாம் எழுதினால்தான் உண்டு.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. வீட்டில் பழைய கேசட், சுருள் நாடா எது இருந்தாலும், அதை மின்னிலக்கமாக்குவது அப்புறம் இருக்கட்டும். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது யார், எங்கே, எப்போது என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போடுங்கள். தவில்காரர் பெயரையும் கேளுங்கள். பிறகு தாராளமாக ஐந்நூறு பேருக்கு அனுப்புங்கள், எனக்கும் அனுப்புங்கள்.

இன்னொன்று. 1974 பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோயிலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று நாயனம் யார், தவில் யார் என்று நினைவிருந்தால், ஆசிரியர் வழியாக ஒரு வரி எழுதுங்கள். நிச்சயமில்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரில் வந்து கேட்டுப் பார்த்துச் சொல்லலாம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். காப்பி உண்டு. பத்தாவது நிமிடத்தில் இருமுவது மட்டும் யார் என்று நான் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்